இரண்டு கோர் புரோசசர் காணுமா? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

எனது மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்திருக்கிறாள். அத்லன் 3000ஜி போட்ட கம்பியூட்டர் ஒன்றைக் கடையில் காட்டினார்கள். தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லையாம். படிப்புக்குக் காணுமா? (தாயார் ஒருவர், தம்பலகாமம்)

காணும் அம்மா. பைதன் எழுதிப் பழகுவதற்கும், தரவுத்தளம் ஒன்றை அமைத்துப் பார்ப்பதற்கும், சூம் வகுப்புக்கும் இந்தப் புரோசசர் போதும். 2019இல் வந்தது. இரண்டு கோர் (கணக்குப் பார்க்கும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை), 3.5 ஜிகாஹேர்ட்ஸ் வேகம். திரையில் படம் காட்டும் வேலையை அதற்குள்ளேயே இருக்கும் வேகா 3 கிராபிக்ஸ் பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் 11 ஆதரிக்கும் புரோசசர்களின் பட்டியலிலும் இது இருக்கிறது.

ஆனால் புரோசசரின் பெயரை மட்டும் கேட்டுவிட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். ராம் எத்தனை துண்டாகப் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது. ஒரே கிணற்றில் இரண்டு வீட்டார் தண்ணீர் அள்ளுவதுபோல, புரோசசரும் கிராபிக்ஸும் அதே ராமில்தான் எடுக்க வேண்டும். டி.டி.ஆர்.4 2666 ராம் ஒரு துண்டு மட்டும் இருந்தால் நொடிக்கு ஏறக்குறைய 21 ஜி.பி. தரவுதான் போய்வரும். இரண்டு துண்டு போட்டால் அது 42 ஆகும். 8 ஜி.பி. ஒரு துண்டுக்குப் பதிலாக 4 ஜி.பி. இரண்டு துண்டு போடச் சொல்லுங்கள். மொத்த அளவு ஒன்றுதான், கிராபிக்ஸுக்குக் கிடைக்கும் வேகம் இருமடங்கு. பிறகு 16 ஜி.பி.க்குப் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே 8 ஜி.பி. இரண்டாகப் போடுவது நல்லது. விலை குறைந்த மதர்போர்டுகளில் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட்தான் இருக்கும்.

அடுத்தது எஸ்.எஸ்.டி., அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகம். பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டித் தந்தால் எந்தப் புரோசசரும் ஊர்ந்துதான் போகும். பிள்ளை நாள்தோறும் உட்காரப்போகும் கம்பியூட்டர் இது. ஒளிவிடும் விசிறியும் கண்ணாடிப் பெட்டியும் வேண்டாம், அந்தக் காசை எஸ்.எஸ்.டி.யில் போடுங்கள்.

பாவித்த ஐ5-6500 ஒன்றும் புதிய பென்டியம் கோல்ட் ஜி7400 ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. ஐ5இல் நான்கு கோர், பென்டியத்தில் இரண்டுதான். நான்குதானே நல்லது? (உப்புவெளி)

இல்லை, இந்த இரண்டில் பென்டியத்தைத்தான் எடுக்கச் சொல்வேன். கோரை எண்ணுவதற்கு முன் அது எந்த ஆண்டுக் கோர் என்று பார்க்க வேண்டும். ஐ5-6500 2015இல் வந்தது. ஜி7400 2022இல் வந்தது, இன்டெலின் 12ஆம் தலைமுறையைச் சேர்ந்தது. ஐ5இன் ஒரு கோர் செய்யும் வேலையைவிட ஜி7400இன் ஒரு கோர் நன்றாகவே கூடுதலாகச் செய்யும். இரண்டு கோரும் நான்கு த்ரெட்டும் சேர்ந்தால் பழைய நான்கு கோருக்குப் பின்னால் நிற்காது. பிரவுசர், வேர்ட், எக்செல் போன்ற அன்றாட வேலைகளில் ஒரு கோரின் வேகம்தான் நமக்குத் தெரிவது.

இன்னொரு காரணமும் உண்டு. ஐ5-6500ஐ விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஜி7400 இருக்கும் எச்610 வகை மதர்போர்டில் பிறகு ஐ3-12100 அல்லது ஐ5-12400 வாங்கி மாட்டலாம், போர்டை மாற்றத் தேவையில்லை.

ஆனால் அதே விலைக்கு நல்ல நிலையில் ஐ5-8500 கிடைத்தால் நான் சொன்னதை விட்டுவிட்டு அதை எடுங்கள். அதில் ஆறு கோர், விண்டோஸ் 11உம் ஏற்கும். ஜி7400க்குப் பதிலாக ஜி6400ஐக் காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். அது பழைய தலைமுறைக் கோர். ஏ.வி.எக்ஸ். எனப்படும் கணக்கீட்டுக் கட்டளைகளும் அதில் இல்லை, அவற்றைக் கேட்கும் மென்பொருட்கள் அதில் ஓடாது.

அண்ணா, அத்லன் 3000ஜியில் வலோரன்ட், ஜி.டி.ஏ. 5 விளையாடலாமா? (மாணவன், மூதூர்)

வலோரன்ட் ஓடும் தம்பி. குறைந்த செட்டிங், இரண்டு துண்டு ராம், இவை இரண்டும் இருக்க வேண்டும். ஜி.டி.ஏ. 5 கடினம். அந்த விளையாட்டுக்குக் கேட்கப்படும் மிகக் குறைந்த இன்டெல் புரோசசரே நான்கு கோர் உள்ள கியூ6600தான். 720பி என்ற குறைந்த திரைத் தெளிவில் எல்லாவற்றையும் குறைத்து வைத்தால் திறக்கும், ஆனால் நகரத்துக்குள் வாகனம் ஓட்டும்போது திக்கித் திணறும். வீட்டில் காசு கேட்டு கிராபிக்ஸ் கார்ட் வாங்கி இதில் போடாதே. உன் போர்டு ஏற்குமானால் பயோஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5 5600ஜிக்குப் போ. ஆறு கோரும் வேகா 7உம் சேர்ந்தே வரும். ஒன்றை மறக்காதே: அத்லன் போர்டில் இருக்கும்போதே பயோஸை அப்டேட் செய்ய வேண்டும். கழற்றிய பிறகு நினைத்தால், பல போர்டுகளில் அதற்கு வழியிருக்காது.

ஐ3-12100எஃப் விலை குறைவாக இருக்கிறது, எடுக்கலாமா? (கந்தளாய்)

தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லையென்றால் வேண்டாம். பெயரின் கடைசியில் எஃப் வந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். மொனிட்டரில் ஒன்றும் தெரியாது.

விருந்தினர் விடுதி நடத்துகிறோம். பதிவு வேலைக்கும், முன் அறையிலுள்ள பெரிய டிவியில் யூடியூப் 4கே போடுவதற்கும் ஒரே கம்பியூட்டர். எது பொருத்தம்? (நிலாவெளி)

ஜி7400. யூடியூப் இப்போது பல வீடியோக்களை ஏ.வி.1 என்ற சுருக்கும் முறையில் அனுப்புகிறது. ஜி7400இல் உள்ள யு.எச்.டி. 710 கிராபிக்ஸ் அதைத் தானே பிரித்துக் காட்டும். அத்லனின் வேகா 3க்கும் ஜி6400இன் யு.எச்.டி. 610க்கும் அந்த வசதி இல்லை. அவற்றில் ஏ.வி.1 வீடியோ வந்தால் இரண்டு கோரும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும், பதிவுப் பக்கம் அசையாமல் நின்றுவிடும். பழைய வி.பி.9 முறை என்றால் அவையும் சமாளிக்கும். டிவிக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. துளை போர்டில் இருக்கிறதா, அது 4கேயை 60 ஹேர்ட்ஸில் தருமா என்று வாங்குமுன் கேளுங்கள்.

கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே பெட்டியை வைக்காதீர்கள். உப்புக் காற்றை விசிறி உள்ளே இழுத்தால் ராம் ஸ்லாட்டும் துளைகளும் களிம்பு பிடிக்கும். ஜி7400 போன்ற 46 வாட் புரோசசருக்கு அதோடு வரும் சிறிய கூலரே போதும், பெட்டியில் கூடுதல் விசிறி மாட்டத் தேவையில்லை.

கடைக்காரர் சொன்ன புரோசசர்தானா உள்ளே இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? (கிண்ணியா)

கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸ் பகுதியில் சி.பி.யு.வை அழுத்தினால் பெயரும், கோர் எத்தனை, த்ரெட் எத்தனை (அங்கே ‘லொஜிக்கல் புரோசசர்ஸ்’ என்று இருக்கும்) என்பதும் தெரியும். நான்கு கோர் என்று விற்கப்படும் சில பெட்டிகளில் உண்மையில் இரண்டு கோரும் நான்கு த்ரெட்டும்தான் இருக்கும். அப்புறம் மெமரியை அழுத்துங்கள். எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்று அங்கே போட்டிருக்கும். இரண்டையும் ஃபோனில் படம் எடுத்து, பில்லிலும் அதே பெயரை எழுதி வாங்குங்கள்.