பருவத்தின் நடுவே பயிற்சியாளரை நீக்கலாமா?

வணக்கம். அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ-வில் உங்கள் அணி தொடர்ந்து தோற்பதால் பயிற்சியாளரை உடனே நீக்க வேண்டும் என நண்பர்கள் வாதிடுவதாகவும், முக்கிய ஆட்டக்காரர்கள் இருவர் காயத்தில் இருக்கையில் அது சரியாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் தயக்கம் நியாயமானது என்றே கருதுகிறேன்.

2010-இல் நட்சத்திர ஆட்டக்காரர் லெப்ரான் ஜேம்ஸ் வந்து சேர்ந்த மயாமி ஹீட் அணி முதல் 17 ஆட்டங்களில் 8-இல் தோற்றபோது, பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவின் பதவி தப்புமா என்ற பேச்சு பலமாக எழுந்தது. நிர்வாகம் அசையவில்லை, அணி அந்தப் பருவத்திலேயே இறுதிச்சுற்றை எட்டி, 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்றது. மறுபுறம், 2016 ஜனவரியில் கிளீவ்லாந்து அணி 30 வெற்றி, 11 தோல்வி என்ற நல்ல நிலையில் இருந்தபோதே பயிற்சியாளர் டேவிட் பிளாட்டை நீக்கி, அவருக்குப் பதில் வந்த டைரன் லூவின் கீழ் அதே பருவத்தில் பட்டத்தைக் கைப்பற்றியது. தோல்விக் கணக்கை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது.

ஆட்டக்காரர்கள் பயிற்சியாளர் சொல்லைக் கேட்கிறார்களா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பந்தை இழந்தவுடன் ஐவரும் தடுப்புக்கு ஓடித் திரும்புகிறார்களா, டைம் அவுட்டில் (ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் இடைவேளையில்) வகுத்த திட்டம் பிறகு களத்தில் தெரிகிறதா என்று கவனியுங்கள். யாரும் தடுக்காத நிலையில் எறிந்த மூன்று புள்ளி வீச்சுகள் தவறுவது பெரும்பாலும் அவர் குற்றமன்று. பருவத்தின் நடுவில் பொறுப்பேற்பவர் பெரும்பாலும் உதவிப் பயிற்சியாளர்தான் என்பதால் (நல்ல பயிற்சியாளர்கள் அப்போது வேறு அணிகளில் இருப்பார்கள்) ஆட்ட முறை உடனே பெரிதாக மாறிவிடாது. காயமடைந்த இருவரும் திரும்பி, சில வாரங்கள் ஆடிய பிறகும் தடுப்பாட்டம் தளர்ந்தே இருந்தால், நானும் உங்கள் நண்பர்கள் பக்கமே நிற்பேன்.