தலைமாட்டுல மாட்டுற போர்டு யாருக்கு? வார்டுல விழறதப் பத்தி உங்க கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல வயசானவங்க ஆஸ்பத்திரில விழறதப் பத்தியும் அத படம் காட்டி எப்படி புரிய வைக்கிறதுன்னும் தான், அதனால மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஒண்ணு மட்டும் மறுபடியும் சொல்றேன், கேள்வி அனுப்பும்போது பேஷண்ட்டுக்கு கண்ணு எப்படி, காது எப்படி, மறதி இருக்கா, என்ன மாத்திரை போகுது, இந்த நாலையும் எழுதுங்க. அது இல்லாம "எந்த படம் பெஸ்ட்"னு கேட்டா நான் ஜோசியமா பாக்க முடியும்?

எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும்?

கையில குடுக்குற பேப்பர்னா 16 பாயிண்ட்டுக்கு கீழ போகாதீங்க. சுவத்துல மாட்டறதுக்கு கணக்கெல்லாம் வேண்டாம், அந்த கட்டில்ல நீங்க படுத்து பாருங்க, தெரியலன்னா பெருசு பண்ணுங்க.

நீலத்துல பச்சை எழுத்து போட்டு அழகா டிசைன் பண்ணி லேமினேட் பண்ணோம், ஒருத்தரும் கண்டுக்க மாட்டேங்கறாங்க.

கண்டுக்காம இல்ல, தெரியல. வயசாக ஆக கண்ணு லென்ஸ் மஞ்சளாகும், நீலமும் பச்சையும் ஒண்ணோட ஒண்ணு கலந்து தான் தெரியும். போதாததுக்கு 60 வயசுக்காரர் கண்ணுக்குள்ள போற வெளிச்சம் 20 வயசு பையனுக்கு போறதுல சுமார் மூணுல ஒரு பங்கு தான். வெள்ளைல கருப்பு போடுங்க. பளபளன்னு லேமினேட் பண்ணா ட்யூப்லைட் அதுல அடிச்சு வெறும் வெள்ளை கோடு தான் தெரியும், மேட் ஷீட்ல போடுங்க.

வார்டுல எல்லா கட்டிலுக்கும் தலைமாட்டுல "விழும் அபாயம்" போர்டு மாட்டியிருக்கோம், ஒரு ஆள் வழுக்கி விழற படத்தோட. கையில மஞ்சள் பட்டையும் கட்டறோம். அப்பவும் விழறாங்க. வேற என்ன படம் மாத்தலாம்?

இந்த கேள்வி வந்தாலே எனக்கு பிரஷர் ஏறுது. தலைமாட்டுல மாட்டினா கட்டில்ல படுத்திருக்கறவர் அத எப்படிம்மா பாப்பாரு, கழுத்த பின்னாடி திருப்பியா? அந்த போர்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்களுக்கு, ரவுண்ட்ஸ் வர்றவங்களுக்கு, பைல்ல டிக் போடறதுக்கு. பேஷண்ட்டுக்குன்னு அதுல ஒண்ணுமே இல்ல. சரி, அவரு பாத்துட்டாருன்னே வெச்சுக்குவோம், ஒரு ஆள் காலு ரெண்டும் மேல போய் விழறாரு, அத பாத்து அவரு என்ன செய்யணும்? பெல் அடிக்கணுமா, வாக்கர எடுக்கணுமா, படுத்தே கிடக்கணுமா? படத்துல இல்ல. பயம் மட்டும் இருக்கு, பயந்தவர் ஒண்ணு நடக்கறதயே விட்டுட்டு காலு பலம் போய் இன்னும் மோசமாவாரு, இல்ல "இது நான் இல்ல"ன்னு திரும்பி படுத்துக்குவாரு. அதுலயும் எல்லா கட்டிலுக்கும் ஒரே போர்டு! எல்லாருக்கும் மாட்டறதும் யாருக்கும் மாட்டாததும் ஒண்ணு தான், பத்து நாள்ல நர்ஸுங்க கண்ணுக்கே அது சுவரா போயிடும்.

படம் வேலை செய்யவே செய்யாதுன்னு நான் சொல்லல. பாஸ்டன்லயும் நியூயார்க்லயும் 14 வார்டுல சுமார் 37,000 பேஷண்ட்ட வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2020ல வெளியாச்சு. கட்டில் பக்கத்துல ஒரு ஷீட், அதுல ஒரு பக்கம் இவருக்கு ஏன் விழ வாய்ப்புன்னு, இன்னொரு பக்கம் அதுக்கு என்ன செய்யணும்னு சின்ன சின்ன படம். முக்கியமா அத நர்ஸ், பேஷண்ட், வீட்டுக்காரங்க மூணு பேரும் உக்காந்து சேர்ந்து நிரப்பணும். விழறது 15 சதவீதம் குறைஞ்சது, அடிபடற மாதிரி விழறது 34 சதவீதம். ஷீட் மட்டும் அத செஞ்சிடல, சேர்ந்து நிரப்புற அந்த அஞ்சு நிமிஷம் இல்லாம அதுக்கு அர்த்தமே இல்ல.

அதனால அந்த போர்டு எல்லாத்தையும் கழட்டுங்க. கால்மாட்டு பக்கம், படுத்தா கண்ணு நேரா போற இடத்துல, அந்த ஒரு ஆளுக்கு மட்டும் உள்ளத மாட்டுங்க. ட்ரிப் ஓடுதுன்னா ஸ்டாண்டோட ஒரு ஆள் நடக்கற படம், கூட ஒரு கை பிடிச்ச மாதிரி. யூரின் போற மாத்திரை போகுதுன்னா பெல் படம், டாய்லெட் படம், நடுவுல நர்ஸ். மூணு படத்துக்கு மேல வேண்டாம். மாட்டினதும் நீங்க படுத்து பாருங்க, மறுபடியும் சொல்றேன், படுத்து பாருங்க.

அப்பாவுக்கு 78 வயசு, ஆபரேஷன் ஆகி இருக்காரு. படம் காட்டினா "எனக்கு தெரியாதா"ங்கறாரு, பெல் அடிக்காம தனியா பாத்ரூம் போறாரு. என்ன பண்றது?

மாத்திரை பேர் ஒண்ணும் எழுதல பாத்தீங்களா, இத தான் மேல சொன்னேன். சரி, பிரஷர் மாத்திரை போகுதுன்னே வெச்சுக்கறேன், இந்த வயசுல பெரும்பாலும் போகும். அப்பாவுக்கு விஷயம் தெரியாம இல்லம்மா, விழறது மத்தவங்க, தான் இல்லங்கற நினைப்பு, கூடவே இதுக்கு போய் நர்ஸ கூப்பிடறதான்னு ஒரு கூச்சம். பொதுவான படத்துக்கு அவரு மசிய மாட்டாரு, அவரோட சொந்த நம்பர காட்டுங்க. நர்ஸ்கிட்ட சொல்லி படுத்தபடி ஒரு தடவை, எழுந்து நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை பிபி பாக்க சொல்லுங்க. ஒரு பேப்பர்ல அவரு முன்னாடியே ரெண்டு தூண் வரைங்க, படுத்தப்போ 140, நின்னப்போ 115ன்னு வந்தா ஒண்ணு உசரம் ஒண்ணு குட்டை. மேல் நம்பர் 20ஓ அதுக்கு மேலயோ இறங்கினா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், மாத்திரைய மாத்தவும் வேண்டி வரலாம். "நீங்க தப்பு பண்ணல, எழுந்ததும் ரத்தம் மேல போக லேட் ஆகுது, அதுக்கு தான் கட்டில் ஓரத்துல கால தொங்க போட்டு கொஞ்ச நேரம் உக்காரணும்"னு அந்த தூணக் காட்டியே சொல்லுங்க. தன் உடம்பு கணக்குன்னா கேப்பாரு. பெல் கை எட்டற இடத்துல தான் இருக்கான்னும் பாருங்க, பல வார்டுல அது கட்டிலுக்கு பின்னாடி தொங்கிட்டு இருக்கும்.

வீடியோ போட்டு காட்டினா போதாதா? ஸ்டாப் கம்மி.

போதாது. 2011ல வந்த ஒரு ஆய்வுல வீடியோவும் புத்தகமும் மட்டும் குடுத்தவங்களுக்கு பலன் தெரியல, அதோட பிசியோ நேர்ல வந்து திரும்ப திரும்ப பேசினப்போ தான், அதுவும் நினைவு தெளிவா இருந்தவங்க தான் கம்மியா விழுந்தாங்க. ஸ்டாப் கம்மின்னா அத மேலதிகாரிங்ககிட்ட கேளுங்க, டிவிய நர்ஸாக்காதீங்க.

அம்மாவுக்கு மறதி. ஆள் எழுந்திருக்கிற படத்துல குறுக்கு கோடு போட்டு மாட்டினாங்க, அம்மா அத பாத்து எழுந்திருக்கறாங்க!

எழுந்திருக்கத்தான் செய்வாங்க. கோடு மனசுல நிக்காது, எழுந்திருக்கற ஆள் நிப்பாரு. செய்யக்கூடாதத வரையாதீங்க, செய்ய வேண்டியத வரைங்க. ஆனா மறதிக்காரங்களுக்கு படத்த நம்பி நீங்க ஒதுங்கிக்க முடியாது. டாய்லெட் கதவுல பெருசா டாய்லெட் படம், ராத்திரி லைட், அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நேரத்துக்கு கூட்டிட்டு போறது, இது தான் உதவும். நேத்து வரைக்கும் தெளிவா இருந்தவங்க திடீர்னு குழம்பினா அது மறதி இல்ல, உடனே டாக்டர கூப்பிடுங்க.

கட்டில் கம்பிய ஏத்தி விட்டா படமே வேண்டாமே?

குழப்பத்துல இருக்கறவர் கம்பி மேல ஏறி இன்னும் உசரத்துல இருந்து விழுவாரு.

"புரிஞ்சுதா"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டறாங்க, அப்புறம் மறந்துடறாங்க.

தலையாட்டறது மரியாதைக்கு. "ராத்திரி யூரின் வந்தா என்ன செய்வீங்க, செஞ்சு காட்டுங்க"ன்னு கேளுங்க. கை பெல்லுக்கு போச்சுன்னா புரிஞ்சிருக்கு, செருப்ப தேடினா மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிங்க.

நல்ல போஸ்டர் பிடிஎப் இருந்தா அனுப்புங்க.

மாட்டேன். மேல எழுதினத படிங்க.

படத்த எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்?

நாள் கணக்கு கிடையாது. மாத்திரை மாறினா, ட்யூப் எடுத்தா, பிசியோ புதுசா நடக்க விட்டா, ஒரு தடவை விழுந்துட்டா அன்னைக்கே மாத்துங்க. வாக்கர விட்டு ஸ்டிக்குக்கு வந்தவருக்கு எதிர்ல இன்னும் வாக்கர் படமே தொங்கிச்சுன்னா, அதுல இருக்கற மத்த ரெண்டு படத்தையும் அவரு நம்ப மாட்டாரு.