கல்லூரிப் படிப்பை அரசே முழுக்க இலவசமாகக் கொடுப்பது சரியா? வரிப்பணம் வீணாகிறது என்பவர்களுக்கு உங்கள் பதில் என்ன?

சரி, கொடுக்கத்தான் வேண்டும். வரிப்பணமும் வீணாகவில்லை. ஆனால் "இலவசமா, கட்டணமா" என்று கேட்பது பாதிக் கேள்விதான். எத்தனை பேருக்கு இலவசம் என்பது மீதிப் பாதி. எங்கள் நாடு முதல் பாதிக்கு எண்பது வருடத்துக்கு முன்பே துணிச்சலாகப் பதில் சொல்லிவிட்டு, மற்றப் பாதியை இன்றுவரை தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறது. அதனால் இலங்கையை வைத்தே சொல்கிறேன்.

நான் சாவகச்சேரிக்குப் பக்கத்தில் பிறந்தவன். அப்பாவுக்குச் சைக்கிள் திருத்தும் கடை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பேராதனையில் பொறியியல் படித்தேன். பாலர் வகுப்பிலிருந்து பட்டம் வாங்கும் வரை படிப்புக்கான கட்டணம் என்று அரசு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உயர்தரத்தோடு (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: பிளஸ் டூ மாதிரி) நின்று கடையில் உட்கார்ந்திருப்பேன். கடன் வாங்கியாவது படித்திருக்கலாமே என்பவர்கள், அடமானம் வைக்க எதுவும் இல்லாத வீட்டைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

இலங்கையில் இதைத் தொடக்கி வைத்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சர். அவர் தலைமையிலான குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. 1945 ஒக்டோபரில் பாலர் வகுப்பு தொடக்கம் பல்கலைக்கழகம் வரை இலவசம் என்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும் தமிழ், சிங்களப் பாடசாலைகளில் கட்டணம் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. கட்டணம் வாங்கியவை ஆங்கிலப் பாடசாலைகள். அரச உத்தியோகம், வைத்தியம், சட்டம் எல்லாவற்றுக்கும் வழி அந்த ஆங்கிலப் பாடசாலைதான். அதாவது எழுத்து வாசிப்பு இலவசம், முன்னேறுவதற்கான படிப்பு காசுக்கு. அந்த இடத்தில்தான் கன்னங்கரா கை வைத்தார்.

அவர் கட்டணத்தை எடுத்துவிட்டதோடு நிற்கவுமில்லை. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளைக் கட்டினார். கெட்டிக்காரப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கப் புலமைப்பரிசில் வந்தது. பின்னால் வந்த அரசுகள் 1980இல் பாடப்புத்தகத்தையும் 1993இல் சீருடைத் துணியையும் இலவசமாக்கின. ஒவ்வொன்றும் ஒரு தடையை எடுத்தது. இலவசக் கல்வி என்று பெருமையாகப் பேசும்போது நான் இந்தத் தொடரை முழுதாகத்தான் நினைக்கிறேன், கட்டணப் பட்டியலில் உள்ள ஒரு வரியை மட்டும் அல்ல.

இந்தப் பெருமைக்குள் முதலில் வராதவர்கள் மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கும் வரை ஒரு ஆசிரியர், ஒரு கொட்டகை, சில வகுப்புகள் என்பதுதான் அங்கே பலருக்குக் கிடைத்த கல்வி. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைக் கொழுந்து பறித்துக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் முப்பது வருடம் வெளியே நின்றார்கள். இலவசம் என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதிவிட்டால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது இடங்களுக்கு வருகிறேன். அண்மைய ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகம் போகத் தகுதி பெறுபவர்கள் வருடத்துக்கு ஒன்றரை இலட்சத்தைத் தாண்டுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் எடுக்கப்படுபவர்கள் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர். தகுதி இல்லாதவர்களைக் கழித்த பிறகு உள்ள கணக்கு இது. "நீ தகுதியானவன்தான், ஆனால் இடமில்லை" என்று ஒரு இலட்சம் பிள்ளைகளுக்கு அரசே கடிதம் கொடுப்பது போல. என் சித்தியின் மகள் அப்படி நின்றவள். மருத்துவபீட வெட்டுப்புள்ளிக்கு ஒரு மயிரிழை குறைவு. மூன்றாம் தடவையும் எழுதிப் பார்த்துவிட்டு ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதப் போனாள். அவளைவிட நான் கெட்டிக்காரன் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இடம் குறைவாக இருந்தால் அதை யாருக்குக் கொடுப்பது என்று அரசு ஒரு விதி போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. 1971இல் மருத்துவபீட அனுமதிக்கு 400 புள்ளிக்குச் சிங்கள மொழி மூலம் எழுதியவர் 229 எடுத்தால் போதும், தமிழில் எழுதியவர் 250 எடுக்க வேண்டும் என்றார்கள். தரப்படுத்தல் என்று நாங்கள் இன்றும் கசப்போடு சொல்வது இதைத்தான். ஒரு தலைமுறை இளைஞர்களின் மனம் முறிந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். இனவாத அரசியல்தான் அதன் வேர். அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் அந்த அரசியலின் கையில் ஆயுதமாகக் கிடைத்தது, வேண்டுமென்றே சிறியதாக வைத்திருந்த பல்கலைக்கழக வாசல். அதே 1971 ஏப்ரலில் தெற்கில் சிங்கள இளைஞர்கள் கிளர்ச்சி செய்தார்கள். இலவசமாகப் படித்து, வேலை கிடைக்காமல் கிராமத்தில் நின்ற பிள்ளைகள் அதில் நிறையப் பேர். படிக்கும் ஆசையைக் கொடுத்த அரசு, இடத்தையும் வேலையையும் அதே வேகத்தில் பெருக்கவில்லை. இரண்டு சமூகமும் வேறு வேறு விதத்தில் விலை கொடுத்தன.

இப்போதுள்ள முறையில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இதைத் திட்டுபவர்கள் உண்டு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. முல்லைத்தீவில் போருக்குள், பதுங்குகுழிக்குப் பக்கத்தில் படித்த பிள்ளையின் புள்ளியையும் கொழும்பில் நல்ல ஆய்வுகூடத்தோடு படித்த பிள்ளையின் புள்ளியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆய்வுகூடம் என்றதும் ரியூசன் ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் நாட்டில் பல்கலைக்கழகத்தின் உண்மையான கட்டணம் அங்கேதான் வாங்கப்படுகிறது. ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவு உள்ளவை பத்தில் ஒன்றுதான். அந்தப் பத்தில் ஒன்றிலும் ஆசிரியர் இல்லாத பாடம் இருக்கும். ஆக, இணைந்த கணிதத்துக்கு ஒருவர், பௌதிகவியலுக்கு ஒருவர், இரசாயனவியலுக்கு ஒருவர் என்று மூன்று பேரிடம் போக வேண்டும். தியரி வகுப்பு தனி, ரிவிஷன் தனி, பரீட்சை நெருங்கினால் பேப்பர் கிளாஸ் தனி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காசு. சனி ஞாயிறு யாழ்ப்பாணம் போய்வர பஸ் காசு வேறு. அப்பா இரவில் கடையைப் பூட்டாமல் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் சில்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டிருந்தது இதற்காகத்தான். அரசுக்குக் கட்டணம் கட்டாத எங்கள் வீடு, இலவசப் படிப்பின் வாசல்வரை போவதற்கு மட்டும் அவ்வளவு செலவழித்தது. செலவழிக்க முடியாத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன.

இதனால்தான் "ஏழையின் வரியில் வசதியானவன் பிள்ளை படிக்கிறது" என்ற வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளுவதில்லை. இலவசத்துக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது அதுதான். எங்கள் அரசின் வரி வருமானத்தில் பெரும்பங்கு மறைமுக வரி. 2024 ஜனவரியில் வற் வரி (VAT, சாமான் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டுவது) 18 வீதமானது. நுவரெலியாவில் கொழுந்து பறிக்கும் பெண் கடையில் சாமான் வாங்கும்போது கட்டும் வரியில் கொழும்பு வைத்தியரின் மகனும் படிக்கிறான். அவளுடைய மகள் படிக்கும் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவே இல்லாமல் இருக்கலாம். அநியாயம்தான். ஆனால் கட்டணம் வைத்தால் வைத்தியரின் மகன் கட்டிவிட்டுப் போவான். தப்பித் தவறி வெட்டுப்புள்ளி எடுத்துவிட்ட கொழுந்து பறிப்பவளின் மகள்தான் வீட்டில் நிற்பாள். வைத்தியரிடம் வாங்க வேண்டியதை வருமான வரியில் வாங்குங்கள். அவளுடைய பாடசாலைக்குப் பௌதிகவியல் ஆசிரியரை அனுப்புங்கள். வருமானம் பார்த்துக் கட்டணம் போடலாமே என்றும் சிலர் கேட்பார்கள். சம்பளப் பட்டியல் இல்லாமல் கூலி வேலையும் சிறு கடையும் விவசாயமுமாக வாழும் நாட்டில் வருமானச் சான்றிதழ் யாருக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்று கிராம சேவகர் அலுவலக வரிசையில் நின்றவர்களிடம் கேளுங்கள்.

அடுத்தது, "மக்கள் காசில் படித்துவிட்டு வெளிநாடு ஓடுகிறார்கள்." 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு வைத்தியர்களும் பொறியியலாளர்களும் நிறையப் போனார்கள். என் வகுப்பிலும் போனார்கள். வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அவர்களைத் துரத்தியது இலவசப் படிப்பா? சம்பளமும் விலைவாசியும் நாளைக்கு என்ன நடக்குமோ என்ற பயமும்தான். படித்து முடிக்கும்போது பெரிய கடன் கழுத்தில் இருந்தால் அவர்கள் இன்னும் வேகமாகப் போவார்கள். கடன் கட்ட வேண்டிய வைத்தியர் மன்னார் ஆஸ்பத்திரியில் அரச சம்பளத்துக்கு எத்தனை வருடம் நிற்பார்? இன்றைக்கும் எங்கள் அரச ஆஸ்பத்திரிகளில் காசு வாங்காமல் வைத்தியம் நடக்கிறது. அங்கே நிற்பவர்கள் இலவசமாகப் படித்த பிள்ளைகள். நானும் இப்போது கிளிநொச்சியில் குடிநீர்த் திட்டம் ஒன்றில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் பொறியியலாளர்கள் எல்லோரும் அரச பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. இங்கிலாந்தில் 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுணில் தொடங்கிய கட்டணம் 2012இல் 9,000 ஆனது. ஒருமுறை கதவு திறந்தால் தொகை எந்தப் பக்கம் போகும் என்பதற்கு இது போதும். ஜெர்மனியில் மாநிலங்கள் கட்டணம் வைத்துப் பார்த்துவிட்டு 2014க்குள் எல்லாம் கைவிட்டன. சிலியில் 2011இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், 2016இலிருந்து குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை.

தனியார் மருத்துவக் கல்லூரி பிரச்சினையையும் சொல்ல வேண்டும். மாலபேயில் இருந்த சைட்டம் நிறுவனத்துக்கு எதிராக 2017இல் அரச மருத்துவபீட மாணவர்கள் மாதக்கணக்காக வகுப்பைப் புறக்கணித்தார்கள். கடைசியில் 2018இல் சைட்டம் மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டார்கள். பணம் இருந்தால் குறைந்த புள்ளியோடு வைத்தியராகலாம் என்பதை எதிர்த்த மாணவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் நாங்கள் இலவசக் கல்வியைக் காப்போம் என்று ஊர்வலம் போனபோது, தகுதி பெற்றும் வெளியே நின்ற ஒரு இலட்சம் பேருக்காக எத்தனை ஊர்வலம் போனோம்? 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். சரியான கோரிக்கை அது. அரசுகள் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

இடம் கிடைக்காதவர்களுக்கு அரசு இப்போது தனியார் நிறுவனத்தில் படிக்க வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: முதல் நாற்பதாயிரம் பேருக்குப் படிப்பு இலவசம், அடுத்தவருக்குக் கடன். அரசின் சொந்தத் திறந்த பல்கலைக்கழகமே கட்டணம் வாங்குகிறது. பல்கலைக்கழகத்துக்குள் சேராமல் வெளியே இருந்து படிக்கும் வெளிவாரிப் பட்டத்துக்கும் கட்டணம் உண்டு. ரியூசனுக்குக் காசில்லாமல் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்ட பிள்ளைதான் பெரும்பாலும் அங்கே போய்க் காசு கட்டுகிறது. புதுப் பல்கலைக்கழகம் கட்டப் பணமும் காலமும் வேண்டும், சரி. திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்து இருக்கிறது, நாடு முழுக்க நிலையங்கள் இருக்கின்றன. உயர்தரத்தில் தகுதி பெற்று அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காத எவருக்கும் அங்கே முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை என்று ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்க முடியும். என்னிடம் கேட்டால் முதலில் அதைச் செய்யச் சொல்வேன்.