முதல் வருடம் கோப்பை வேண்டாம், டீச்சர்

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியில் ரோபோட்டிக் குழு தொடங்க பெற்றோர் ஆசிரியர் சங்கம் 5,000 ரிங்கிட் தருகிறது. ஆறாம் ஆண்டில் கெட்டிக்காரர்களாகப் பத்துப் பேரைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். எனக்குப் புரோகிராமிங் தெரியாது. இந்த வருடமே கோப்பை வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். எதிலிருந்து தொடங்குவது?
- ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: முதலில் அந்தப் பட்டியலைக் கிழித்துவிடுங்கள், டீச்சர். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் ரோபோட் பெட்டியும் நீங்களும்தான் மிஞ்சுவீர்கள். நான்காம், ஐந்தாம் ஆண்டில் தேடுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். வீட்டில் ஃபேனைக் கழற்றித் திட்டு வாங்கிய பையன் ஒருவன் இருப்பான், அவன் வேண்டும். வகுப்பில் ஓயாமல் பேசுகிற பெண்ணும் வேண்டும்.

ஏனென்றால் ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற ரோபோட் போட்டியில் ரோபோட் ஓடுவது இரண்டரை நிமிடம்தான். பிள்ளைகள் ஓர் ஆய்வும் செய்து நடுவர்களிடம் விளக்க வேண்டும். அங்கே ஒரு குழுவில் பத்துப் பேர் வரை சேரலாம். உலக ரோபோட் ஒலிம்பியாட் என்ற இன்னொரு போட்டி என்றால் இரண்டு, மூன்று பேர்தான். எதுவானாலும் ஒன்றை மட்டும் எடுங்கள். அதன் இந்த ஆண்டு விதிமுறையைப் படித்த பிறகு ஒரே ஒரு செட் வாங்குங்கள். யாராவது இவி3 என்ற பழைய லெகோ ரோபோட் செட்டை மலிவாகத் தருவார்கள். லெகோ அதை 2021 இறுதியோடு நிறுத்திவிட்டது, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

புரோகிராமிங் தெரியாதது நல்லதுதான், பிள்ளைகள் வேலையை நீங்கள் பிடுங்க மாட்டீர்கள். ஆர்பிடி என்கிற வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடத்தில் கணினித் திரையில் கட்டளைக் கட்டங்களை இழுத்துப் போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதும் அல்ல.

முதல் வேலை: ரோபோட் நேராக ஒரு மீட்டர் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான். பிள்ளைகள் ‘இரண்டு விநாடி ஓடு’ என்று எழுதுவார்கள். காலையில் சரியாக நிற்கும், பேட்டரி இறங்கியதும் முன்பே நின்றுவிடும். காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள், அவர்களே தேடட்டும். விநாடியை விட்டுச் சக்கரச் சுற்றைக் கணக்கிட வேண்டும் என்று வந்து சேர்வார்கள். அப்புறம் ஒருநாள் கோணலாகப் போகும். பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டி நேராக்கிக்கொண்டு கிளம்பினால் பாதிக் கோணல் தீரும். வண்ண சென்சாரும் அப்படித்தான், வகுப்பறை வெளிச்சத்தில் எடுத்த அளவு போட்டி மண்டபத்தில் மாறும். கறுப்பையும் வெள்ளையையும் அங்கே மறுபடி அளக்கப் பழக்குங்கள்.

பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை டெக்னீஷியனாக இருந்தவன் நான். மெஷின் மக்கர் செய்தால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவோம், மாற்றியதை எழுதி வைப்போம். உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தமிழிலேயே எழுதட்டும். நடுவர்களுக்கு மலாயில் சொல்ல அந்தப் பேச்சுக்காரப் பெண் இருக்கிறாள்.

தலைமையாசிரியரிடம், இந்த வருடம் ஒரு போட்டியைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். 5,000-இல் பஸ் செலவுக்கு இப்போதே கொஞ்சம் ஒதுக்கிவிடுங்கள். பெட்டி வாங்கக் கையெழுத்துப் போடுகிற சங்கத்துக்காரர்கள் பஸ்ஸுக்கு என்றால்தான் முனகுவார்கள்.