மார்பீனை நிறுத்தினால் எல்லா எலியும் ஏன் ஒரே மாதிரி தவிப்பதில்லை?

மார்பீன் போன்ற வலுவான வலி மருந்துக்குப் பழகிய உடலுக்கு அது திடீரெனக் கிடைக்காவிட்டால் வரும் தவிப்புதான் விலகல் நிலை. எலிக்கு வயிற்றோட்டம், பல் நறநறப்பு, எடைக் குறைவு, அப்புறம் நனைந்த நாய் மாதிரி உடம்பை உதறுவது. மருந்து அடக்கி வைத்த நரம்புகள் அதை ஈடுகட்டக் கூடுதல் வேகத்துக்குப் பழகியிருக்கும். மருந்து போனதும் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். அது எவ்வளவு என்பதில் மரபணுவுக்கும் பங்குண்டு. 20 தலைமுறைக்கு மேல் உடன்பிறப்புகளையே இணைசேர்த்ததால், ஒரு இனத்துக்குள் எல்லா எலிக்கும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள் இருக்கும் ஆய்வக இனங்களை ஒப்பிட்டால் இது தெரியும்: ஒரே அளவு மருந்து, வேறு வேறு தவிப்பு. நம் தோட்டங்களில் வீ.பி. தேயிலையை (விதையில்லாமல், வெட்டிய துண்டிலிருந்து வளர்த்த தேயிலை) பாருங்கள். ஒரே வரட்சியில் ஒரு ரகம் வாடும், பக்கத்து நிரையில் இன்னொன்று தாக்குப்பிடிக்கும். இதற்கெல்லாம் ஒற்றை மரபணு கிடையாது, பல சேர்ந்தே வேலை செய்கின்றன. மனிதரில் இதை மன உறுதிக் குறைவு என்பார்கள். அது தவறு, மருத்துவர் சொன்னபடி இந்த வகை வலி மாத்திரை எடுத்தவருக்கும் இந்தத் தவிப்பு வரலாம்.