வேலையில் பயந்து ஒதுங்கும் ஊழியரை மேலாளர் எப்படி வளர்த்தெடுப்பது?
"தைரியமாக இரு" என்று சொல்வதால் பயம் போகாது. தப்பை ஒப்புக்கொண்டவனுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையில் நான் மேற்பார்வை பார்த்தபோது, புதிதாக வந்த தம்பி ஒருவன் ஈரப்பதம் 19 சதவீதம் காட்டிய நெல்லை 17 என்று எழுதிவிட்டு, மறுநாள் காலை கை நடுங்க வந்து சொன்னான். வந்த கோபத்தை டீயோடு விழுங்கிவிட்டு, "நல்லவேளை இப்பவே சொன்னே, வா, மூட்டையைப் பிரிச்சுக் களத்துல காய வைப்போம்" என்றேன். அப்புறம் ஒரு வாரம் அவனே அளந்தான், நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் கண்டதும் இதுதான்: நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் வெளியே சொல்லப்பட்டன. அதற்காகக் கண்டிப்பே கூடாது என்றில்லை, மறைத்தால் கண்டியுங்கள், ஆனால் தனியாகக் கூப்பிட்டு. அந்தத் தம்பிதான் இந்தக் குறுவைக்குப் புது ஆட்களுக்கு அளக்கக் கற்றுக்கொடுக்கிறான்.