300 கெஜத்தில் நிற்கும் புள்ளிமானுக்கு எந்த ரைஃபிள்?

முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்:

"ஐயா, என் தங்கை மகன் டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். கூட வேலை செய்கிறவர்கள் வரும் மே மாதம் கெர்வில் பக்கம் ஒரு பண்ணைக்கு மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 300, 400 கெஜத்தில் சுட வேண்டியிருக்குமாம். .300 மேக்னம் வாங்கு என்று சிலர், 6.5 கிரீட்மோர் போதும் என்று சிலர். பையன் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. எங்கள் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைத்து வைத்ததோடு என் அனுபவமும் சரி. நீங்கள் பட்டாளத்தில் சுடப் பயிற்சி கொடுத்தவர், அங்கே போய் வேட்டையாடியும் இருக்கிறீர்கள். எதை வாங்கச் சொல்லட்டும்? இன்னொன்று, நம் தோப்பில் இறங்கும் மானுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா?"

பின்னால் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொருந்தாது. தோப்பு உங்களுடையதாக இருக்கலாம், கன்றைக் கடித்தது கண்ணெதிரே நிற்கலாம், துப்பாக்கிக்கு உரிமமும் இருக்கலாம். ஆனாலும் மானைச் சுட்டால் சிறைதான். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் சில விலங்குகளுக்கு வேட்டை உரிமம் தரும் வழி இருந்தது. 1991-இல் கொண்டுவந்த திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கிடைத்திருக்கும் அதிகாரம் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு மட்டுமே. அதற்கும் பஞ்சாயத்தின் உத்தரவும் உரிமம் பெற்ற ஆளும் வேண்டும். மான் அந்தக் கணக்கில் வராது. மான் கடித்த கன்றுகளைப் படமெடுத்து வனத்துறையில் நஷ்டஈடு கேளுங்கள், சூரியசக்தி வேலி போடுங்கள். பறம்பிக்குளம் காட்டை ஒட்டி விவசாயம் செய்கிறவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இதில் வேறு பதில் கிடையாது.

டெக்சாஸில் நிலைமை வேறு. மருமகன் சுடப்போவது அநேகமாக நம் புள்ளிமானைத்தான். அங்கே அதற்கு ஆக்ஸிஸ் என்று பெயர். 1932-இல் கொண்டுபோய் விட்டார்கள், பிறகு வேலி தாண்டிக் காடெல்லாம் பெருகிவிட்டது. வெளிநாட்டு விலங்கு என்பதால் வருடம் முழுக்கச் சுடலாம், எண்ணிக்கை வரம்பும் இல்லை. நிலத்துக்காரர் அனுமதியும் வேட்டை உரிமமும் இருந்தால் போதும். நன்றாக வளர்ந்த ஆண் மான் 70 முதல் 90 கிலோ வரை இருக்கும். உயிர் அவ்வளவு லேசில் போகாது என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள், நானும் அதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கேலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா என்பது. 6.5 கிரீட்மோர் வாங்கச் சொல்லுங்கள். அது கைக்கு வரவில்லையென்றால் 7 மி.மீ.-08 ரெமிங்டன், .308 வின்செஸ்டர், .270 வின்செஸ்டர், இந்த மூன்றில் எது நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ அது. .300 வின்செஸ்டர் மேக்னம் வேண்டவே வேண்டாம். அது மோசமான தோட்டா என்பதால் இதைச் சொல்லவில்லை. பெரிய எல்க் மான்களுக்கு அது அருமையான தோட்டா. ஆனால் ஒரே எடையுள்ள ரைஃபிளில் அது தோளில் கொடுக்கும் உதை 6.5 கிரீட்மோரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. புதிதாகச் சுடுகிறவனைக் கெடுப்பது அந்த உதைதான்.

எப்படிக் கெடுக்கிறது என்பதை ஒரு முறை பக்கத்திலிருந்து பார்த்தால் மறக்காது. பயிற்சியின்போது சுடுகிறவருக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவில் வெடிமருந்தில்லாத டம்மி ஒன்றைக் கலந்து வைப்போம். மூன்று தோட்டா வெடிக்கும். நாலாவதுக்கு விசையை இழுத்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். அந்த நொடியில் குழலின் நுனியைப் பாருங்கள். வெடிக்காத துப்பாக்கி இரண்டு அங்குலம் கீழே குத்தும், கண் இறுக மூடியிருக்கும், தோள் முன்னால் தள்ளும். வரப்போகும் உதைக்கு உடம்பு தானாக முன்கூட்டியே தயாராவதால் வரும் வினை இது. சுட்டவரிடம் கேட்டால் "நான் அசையவே இல்லை சார்" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் இந்தப் பழக்கம் போக மாதக்கணக்காகும். மேக்னத்தில் தொடங்குகிறவர்களுக்கு இது இரண்டாவது நாளே ஒட்டிக்கொள்கிறது.

எண்கள் குழப்பமாக இருந்தால் இதை மட்டும் மனதில் வையுங்கள். கேலிபர் என்பது குண்டின் பருமன். .308 என்றால் குண்டின் விட்டம் அங்குலத்தில் 0.308. 6.5 கிரீட்மோரின் குண்டு 0.264 அங்குலம், அதாவது கொஞ்சம் ஒல்லி. ஆனால் நீளமாக, கூராக இருப்பதால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. வேகம் மெதுவாகத்தான் குறையும். 143 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடையைச் சொல்லும் சின்ன அளவு) குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பினால் 300 கெஜத்தில் இன்னும் 2,280 அடி, 500 கெஜத்தில் சுமார் 2,000 அடி வேகம் மிச்சமிருக்கும். நம் ஊரில் பழைய ஆட்கள் வைத்திருக்கும் .315 இஷாப்பூர் ரைஃபிளின் குண்டு இதற்கு நேர் எதிர். கனம் அதிகம், மூக்கு மொட்டை, வேகம் குறைவு. 100 கெஜத்துக்குள் நன்றாக அடிக்கும், அதைத் தாண்டினால் கல்லெறிவது போல வளைந்து விழும்.

.308-ஐப் பற்றி ஒரு வார்த்தை. பட்டாளத்தில் எஸ்.எல்.ஆர். என்ற பழைய ராணுவ ரைஃபிளைப் பிடித்தவர்களுக்குப் பழக்கமான 7.62 மி.மீ. தோட்டாதான் ஏறக்குறைய அது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. அங்கே எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கும். உதை 6.5-ஐ விடக் கொஞ்சம் அதிகம், காற்றில் ஒதுங்குவதும் அதிகம். .243 வின்செஸ்டரை உதைக்குப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்வேன். ஆனால் 100 கிரெயின் குண்டோடு 250 கெஜத்துக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கேலிபரைக் காட்டிலும் நான் கவலைப்படுவது குண்டின் வகையைப் பற்றி. இதை யாரும் கேட்பதில்லை. வேட்டைக் குண்டு உடம்புக்குள் போனதும் பூ விரிவதுபோல விரிய வேண்டும். அது விரிவதற்கும் ஒரு வேகம் வேண்டும். ஈயம் வைத்த சாதாரண வேட்டைக் குண்டுகளில் பலவற்றுக்கு நொடிக்கு 1,800 அடி, முழுக்கச் செம்பில் செய்தவற்றுக்குச் சுமார் 2,000 அடி. அதற்குக் கீழே வேகம் குறைந்துவிட்டால் குண்டு ஊசி போலத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மான் ஓடிவிடும், எங்கேயோ போய் மெல்ல மெல்லச் சாகும். இலக்குப் பலகைக்கென்று செய்த குண்டுகளை மானுக்குப் போடவே கூடாது, எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சரி. பெட்டியின்மேல் வேட்டைக்கு என்று எழுதியிருக்கிறதா, எத்தனை அடி வேகம் வரை விரியும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார் என்பதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகளும் அந்த இறைச்சியைச் சாப்பிடுவார்கள் என்றால் செம்புக் குண்டே நல்லது. ஈயக் குண்டு உடைந்து தூள்தூளாகக் கறியில் பரவும், எல்லாத் துணுக்கும் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது காற்று. நம் பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லத் தேவையில்லை. ஆடியில் தென்னை ஓலையெல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவ்வளவு காற்று வேண்டாம், மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கிற சாதாரணக் காற்று போதும். 300 கெஜத்தில் 6.5 கிரீட்மோரின் குண்டை அது சுமார் 5 அங்குலம் ஒதுக்கிவிடும். .308-இன் 150 கிரெயின் குண்டை 7 அங்குலம் ஒதுக்கும். 500 கெஜத்தில் அதே காற்று 6.5-ஐயே ஒன்றேகால் அடி தள்ளிவிடும். மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை இருக்கும் இடமோ ஒரு சாண் அகலம்தான்.

குண்டு கீழே விழுவதையும் சாண் கணக்கிலேயே சொல்கிறேன். 6.5 கிரீட்மோரை 200 கெஜத்துக்கு ஜீரோ செய்திருந்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்திருந்தால், 300-இல் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். 400-இல் இரண்டரை சாண், 500-இல் ஐந்து சாண். தூரத்தை 40 கெஜம் தப்பாகக் கணித்தாலும் 300-க்குள் சமாளிக்கலாம். 450-இல் அதே தப்பு நடந்தால் குண்டு வயிற்றில் விழும், அல்லது கால் உடையும். அதனால் மேக்னத்துக்குப் போகிற பணத்தில் தூரம் அளக்கும் லேசர் கருவி ஒன்றை வாங்கட்டும். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் போதும்.

400 கெஜத்தில் நான் சுட்டதில்லையா என்றால், சுட்டிருக்கிறேன். 380 கெஜம், சரியாகச் சொன்னால். சில வருடங்களுக்கு முன் கெர்வில் பக்கத்துப் பண்ணை ஒன்றில், ஒரு காய்ந்த ஓடைக்கு எதிர்க்கரையில் நின்ற ஆண் மானை இரவல் வாங்கிய 7 மி.மீ. மேக்னத்தால் சுட்டேன். நான் படுத்திருந்த இடத்தில் புல் அசையவில்லை. ஓடைப் பள்ளத்துக்குள் காற்று ஓடிக்கொண்டிருந்தது, அதை நான் பார்க்கவில்லை. மான் முதுகைக் கூனிக்கொண்டு புதருக்குள் போனது. அந்தக் கூனலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. போய்ப் பார்த்தால் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லின்மேல் ஒரே ஒரு சொட்டு ரத்தம், கருஞ்சிவப்பு நிறத்தில். அதில் மென்ற புல்லின் பச்சைத் துணுக்கு ஒட்டியிருந்தது. வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். இருட்டும் வரை தேடினோம். மறுநாள் காலையில்தான் ஜூனிப்பர் மரத்தடியில் கிடைத்தது. படுத்துப் படுத்து எழுந்து நடந்திருக்கிறது, மூன்று இடத்தில் புல் நசுங்கியிருந்தது. அந்த இரவை அந்த மானுக்குக் கொடுத்தது நான்தான். அதற்குப் பிறகு 300-ஐத் தாண்டி நான் விசையைத் தொட்டதில்லை.

400 கெஜத்துக்குக் குண்டு போய்ச்சேர அரை நொடி ஆகும். மேய்கிற மான் ஓரடி எடுத்து வைக்க அந்த அரை நொடி தாராளம். எந்தக் கேலிபராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மருமகனின் எல்லை எது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஆறு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை 100 கெஜத்தில் குத்தி வைக்கட்டும். மேசைமேல் சாய்ந்து சுட வேண்டாம். காட்டில் எப்படி உட்காருவானோ அப்படி உட்கார்ந்து, கவைக்கோல் ஊன்றி, ஐந்து தோட்டா சுட வேண்டும். ஐந்தும் தட்டில் விழுந்தால் 150-க்குத் தள்ளி வைக்கலாம், பிறகு 200. ஐந்தில் ஒன்று வெளியே போன தூரத்திலிருந்து 50 கெஜம் பின்வாங்கினால் அதுதான் இந்த வருடம் அவனுடைய எல்லை. புதியவருக்கு அது 150-ஆக இருப்பதே இயல்பு. 300, 400 என்று பேசுகிற நண்பர்களிடம் "நான் கிட்டப் போய்ச் சுடுகிறேன்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, மான் தலை குனிந்து மேயும்போது மட்டும் நகர்ந்தால் 150 கெஜத்துக்குள் போய்விடலாம். புல்வெளி ஓரத்தில் விடியலிலும் அந்தியிலும் காத்திருப்பது இன்னும் நல்லது. மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குண்டு பட வேண்டும். மே மாதம் அங்கே வெயில் கொளுத்தும், உடனே குடலெடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைக்காவிட்டால் கறி கெட்டுப்போகும்.

ரைஃபிள் வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒன்று பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் பலர் இதில்தான் தெரியாமல் மாட்டுகிறார்கள். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கவே கூடாது என்பது அமெரிக்க மத்திய சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பனுடைய ரைஃபிளை இரவல் வாங்கிச் சுடுவதானாலும் இதே விதிதான். ஆகவே முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி, பிறகு உரிமம், அதன் பிறகுதான் துப்பாக்கிக் கடை. 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு டெக்சாஸில் அந்தப் பயிற்சி கட்டாயம். உரிமம் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். ரைஃபிளைச் சொந்தமாக வாங்கி வீட்டில் வைத்துவிட்டு உரிமத்தைப் புதுப்பிக்க மறந்தால், அலமாரியில் சும்மா இருக்கும் அந்த ரைஃபிளே குற்றமாகிவிடும். ஒரு தடவை குடியேற்றச் சட்ட வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது.

கொம்பை உங்களுக்குக் காட்ட ஊருக்குக் கொண்டு வருகிறேன் என்பான். வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். புள்ளிமான் கொம்பைப் பார்த்தால் அது கெர்வில்லில் கிடைத்ததா பறம்பிக்குளத்தில் கிடைத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கோவை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் அவனிடமும் உங்களிடமும்தான் விசாரணை நடக்கும். படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கூடவே அந்தக் காகிதத் தட்டுகளையும்.